லேசரில் பிஎச்.டி. சேரலாமா? அதுவும் மதுரையிலேயே?

14 ஏப்ரல் 2024, காலை (கேள்வி)

எம்.எஸ்ஸி. இயற்பியல் முடிக்கப் போகிறேன். ஊர் சோழவந்தான், வீட்டில் வெற்றிலைக் கொடிக்கால். லேசர் பிடிக்கும், ஆனால் ஹீலியம்-நியான் லேசரில் செய்த செய்முறைகளைத் தவிர ஒன்றும் தெரியாது. மதுரையைத் தாண்டிப் போக வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். இங்கேயே இருந்து பல்கலைக்கழக ஆய்வாளர் ஆக முடியுமா? அந்த வாழ்க்கை எப்படி இருக்கும்? தெரிந்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.
— கொடிக்கால்

14 ஏப்ரல், இரவு

முடியும். நான் ஆனேன். 32 வருடம் மதுரையில் லேசர் வைத்துக் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். எந்த இடம் என்று கேட்காதீர்கள். பெயர் சொல்லாவிட்டால்தான் திட்ட வசதி.

தம்பி, இருட்டறை, பச்சைக் கோடு, புகை என்று சினிமா மாதிரி நினைத்துக்கொண்டு வரவேண்டாம். என் கணக்கில் ஒரு நாளைக்கு இயற்பியல் அரை மணி நேரம். மீதி தண்ணீர், கரன்ட், தூசி, தணிக்கைக் கடிதம். ஆர்கான் அயனி லேசர் என்று ஒன்று இருந்தது. ஒரு வாட் பச்சை ஒளி தருவதற்கு ஆயிரம் வாட்டுக்கு மேல் மின்சாரம் குடிக்கும். குடித்தது அத்தனையும் சூடு. அந்தச் சூட்டைக் குழாய்த் தண்ணீர் சுமந்துகொண்டு போக வேண்டும். எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது, அதை லேசருக்குள் விட்டால் என்ன ஆகும்? மூன்றே மாதத்தில் குழாய்க்குள் சுண்ணாம்பு அடைத்துக்கொண்டது. வெளிநாட்டில் பயிற்சி முடித்து வந்த நான் முதல் வருடம் கற்றுக்கொண்டது பிளம்பிங்.

15 ஏப்ரல்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுப் பயந்துவிட வேண்டாம். ஆர்கான் லேசர் இப்போது ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. டையோடு கொண்டு இயக்கும் பச்சை லேசர் ஒரு டிபன் டப்பா அளவுதான், தண்ணீரே கேட்காது. நான் சொன்னது என் காலத்துக் கதை.

17 ஏப்ரல்

“முதல் லேசர் ஞாபகம் இருக்கிறதா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்காதா?

உலகின் முதல் லேசர் அமெரிக்காவில் மைமன் செய்தது. 1960 மே 16 அன்று மாணிக்கக் கல்லிலிருந்து 694 நானோமீட்டர் சிவப்பை எடுத்தார். நான் பிஎச்.டி. சேரும்போது அது நடந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது, எங்கள் துறையிலோ ஆய்வுக்கு உருப்படியான லேசர் ஒன்று கிடையாது. வழிகாட்டி சொன்னார்: “வாங்கப் பணம் இல்லை. செய்.”

செய்தது நைட்ரஜன் லேசர். இரண்டு அலுமினியத் தகடுகளைச் சில மில்லிமீட்டர் இடைவெளியில் ஒன்றுக்கொன்று இணையாக வைக்க வேண்டும். அடியில் மின்தேக்கிக்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதற்கு ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட எக்ஸ்ரே பிலிம்களை எடைக்கு வாங்கிச் சோடாவில் கழுவினேன். யாருடைய விலா எலும்போ மங்கலாகத் தெரியும் ஒரு தாள் கடைசி வரை வெளுக்கவே இல்லை, அப்படியே போட்டுவிட்டேன். பன்னிரண்டாயிரம் வோல்ட்டுக்கு, மூடிப்போன தியேட்டர் ஒன்றின் நியான் பலகை டிரான்ஸ்பார்மர். தீப்பொறி பாய இரண்டு போல்ட்டு. மற்ற லேசர்களுக்கு வேண்டிய கண்ணாடிகளே இதற்குத் தேவையில்லை, நைட்ரஜனில் ஒளி ஒரே ஓட்டத்தில் பெருகி வெளியே வந்துவிடும். இன்னும் சொன்னால் நைட்ரஜன் சிலிண்டர்கூட வேண்டாம், நாம் மூச்சு விடும் காற்றே போதும். அதில் ஐந்தில் நாலு பங்கு அதுதானே.

ஒரு சிக்கல்தான். சாதாரணக் காற்றழுத்தத்தில் கிளர்ந்த நைட்ரஜன் மூலக்கூறு ஓரிரு நானோநொடிதான் தாங்கும். அதற்குள் மொத்த மின்சாரமும் பாய்ந்து முடிய வேண்டும். தகடு அரை மில்லிமீட்டர் கோணினாலும் ஒரு மூலையில் மட்டும் பொறி பறக்கும், லேசர் வராது. ஏழு மாதம் வரவில்லை. எட்டாவது மாதம், அடிக்கும் ஒவ்வொரு பொறிக்கும் எதிரே நின்ற வழிகாட்டியின் வேட்டியில் நீல நிறத்தில் ஒரு பட்டை மின்னியது. 337 நானோமீட்டர் புற ஊதா கண்ணுக்குத் தெரியாது, சொட்டு நீலம் போட்ட வேட்டி காட்டிக்கொடுத்தது. அவர் குனிந்து தன் வேட்டியைப் பார்த்துவிட்டு, “டீ சொல்லு” என்றார். பாராட்டு அவ்வளவுதான்.

18 ஏப்ரல்

அந்த லேசரின் ஸ்பார்க் கேப்பில், அதாவது பொறி பாயும் அந்த இரண்டு போல்ட்டு இடைவெளியில், ஒருநாள் பல்லி விழுந்து கருகியது. பஞ்சாங்கத்தில் தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால் என்றெல்லாம் பலன் போட்டிருக்கிறது, பன்னிரண்டாயிரம் வோல்ட்டில் விழுந்தால் என்ன பலன் என்று போடவில்லை. பல்லிக்கு என்னவோ தெரியும். எனக்கு இரண்டு வாரம் வேலை நின்றது.

20 ஏப்ரல்

ஆய்வாளர் வாழ்க்கையில் பெயர் வாங்கித் தருவது என்ன என்று கேட்கிறார்கள். கட்டுரைதான், வேறென்ன. என் கட்டுரைகளில் அதிகம் மேற்கோள் பெற்றது ஓர் இசட்-ஸ்கேன் கட்டுரை, 2006.

முறை எளிது. லேசரை ஒரு குவிலென்ஸால் குவித்து, பொருளை அந்தக் குவியத்தின் முன்னும் பின்னும் நகர்த்துவது. எதிரே சிறு துளை, அதற்குப் பின்னால் ஒளியளவி. ஒளி வலுக்க வலுக்கப் பொருளின் ஒளிவிலகல் எண் மாறினால் அதுவே ஒரு லென்ஸாகி, துளை வழியே வரும் ஒளி ஏறி இறங்கும். முதலில் மேடு, அப்புறம் பள்ளம் என்றால் எண் குறைகிறது, எதிர்க்குறி. பள்ளம் முதலில் என்றால் கூடுகிறது, நேர்க்குறி. 1989-90இல் அமெரிக்காவில் வந்த முறை. பள்ளிக்கூடத்து ஆப்டிகல் பெஞ்சு இருந்தாலே செய்யலாம் என்பதால் நம் ஊரில் காட்டுத்தீயாகப் பரவியது. நாங்கள் செய்தது பீட்ரூட் சாயம். அந்த மாற்றத்தின் மதிப்பு பிரமாதமாக வந்தது, தரப்படுத்தும் திரவமான கார்பன் டை சல்பைடைவிடப் பத்து லட்சம் மடங்கு. பத்திரிகைக்காரர்கூட வந்து படம் எடுத்தார், கையில் பீட்ரூட்டோடு.

23 ஏப்ரல்

இன்று அழகர் ஆற்றில் இறங்கினார். முழங்கால் வலியால் டிவியில்தான் பார்த்தேன்.

ஒரு திருத்தம். வேட்டியில் மின்னியது சொட்டு நீலம் இல்லை என்று வேதியியல் டீச்சர் ஒருவர் குட்டு வைத்திருக்கிறார். அவர் சொல்வது சரி. நீலம் வெறும் சாயம், மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்கும், அவ்வளவுதான். புற ஊதாவை வாங்கிக்கொண்டு நீலமாகத் திருப்பித் தருவது சோப்புத் தூளில் கலக்கும் வெளுப்பூட்டி. இத்தனை வருடமாக இந்தக் கதையை வகுப்பில் தப்பாகவே சொல்லியிருக்கிறேன், ஒரு பயலும் கேட்கவில்லை.

இன்னொருவர், “அந்த பீட்ரூட் கட்டுரை தொடர் லேசரில் செய்ததா, துடிப்பு லேசரில் செய்ததா?” என்று கேட்டிருக்கிறார். அதற்கு அப்புறம் வருகிறேன்.

28 ஏப்ரல்

கேள்வி கேட்டவர் தம்பி இல்லையாம். “சார், நான் பொண்ணு. நீங்க நீ வான்னே பேசுங்க” என்று தனியாக எழுதியிருக்கிறது. மன்னித்துக்கொள்ளம்மா. லேசர் என்றதும் தம்பி என்று கை தானாக அடித்துவிட்டது. என்னிடம் முனைவர் பட்டம் முடித்த 11 பேரில் 7 பேர் பெண்கள், அப்படியும் புத்தி மாறவில்லை பார்.

அப்படியானால் உனக்கு முதலில் சொல்ல வேண்டியது வேறு. லேசர் ஓடும்போது மோதிரம், வாட்ச், வளையல் எதுவும் கையில் இருக்கக் கூடாது. கற்றை போகும் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோகக் கூடாது, கீழே விழுந்த திருகாணியை எடுக்கக் குனிந்தால் கண்ணை மூடிக்கொண்டு குனி. இதை எங்கும் சொல்லிவிடுவார்கள். மூக்குத்தியை யாரும் சொல்ல மாட்டார்கள். யாக் என்ற படிக லேசரின் 532 நானோமீட்டர் பச்சையில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு மாணவி மேசைமேல் சாய்ந்தாள். எதிர்ச் சுவரில் ஏழெட்டுப் பச்சைப் புள்ளிகள் ஓடி மறைந்தன. எங்கிருந்து வந்தன என்று எனக்குப் பிடிபடவே ஒரு நிமிடம் ஆயிற்று. கற்றையின் ஓரம் அவள் மூக்குத்திக் கல்லில் பட்டிருக்கிறது, கண்ணுக்கும் அதற்கும் இரண்டு விரல் இடைவெளி. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் பிழைத்தாள். நான் போடவில்லை. “கழற்று” என்றேன். கல்யாணத்துக்குப் போட்டது, கழற்ற மாட்டேன் என்றாள். கடைசியில் மூக்குக்கு மேலே ஆஸ்பத்திரி பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டுதான் உள்ளே வருவாள். நாலு வருடம். பட்டமளிப்பு விழாப் படத்தில்தான் அந்தக் கல்லை முழுசாகப் பார்த்தேன், நல்ல சிவப்பு.

5 மே

வெயில் தாங்கவில்லை, இப்போதுதான் கரன்ட் போய் வந்தது. 2012 ஞாபகம் வந்துவிட்டது. சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்குத் தெரியும், ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. லேசரைப் போட்டால் அது நிலைப்படவே அரை மணி ஆகும். மீதி அரை மணியில் அளவு எடுக்க வேண்டும், கடைசி ஐந்து நிமிடம் பயத்திலேயே போய்விடும். ஒரு பையன் கரன்ட் போகும் நேரத்தைச் சுவரில் கரியால் எழுதிவைத்து அதன்படி தூங்கினான். ஆய்வேட்டின் நன்றியுரையில் மின்வாரியத்துக்கும் ஒரு வரி எழுதியிருந்தான், நான்தான் அடித்துவிட்டேன். விட்டிருக்கலாம்.

12 மே

பீட்ரூட்டுக்கு வருகிறேன். கேட்டவர் மூன்றாம் முறையாகக் கேட்டுவிட்டார்.

தொடர் லேசர்தான், விடாமல் ஒளிர்வது. நானோநொடிகளில் மின்னி மறையும் துடிப்பு லேசர் இல்லை. 50 மில்லிவாட், 532 நானோமீட்டர். பீட்ரூட் சாயம் அந்தப் பச்சையை நன்றாக விழுங்கும். விழுங்கினால் சூடாகும். சூடான திரவம் விரியும், நடுவில் ஒளிவிலகல் எண் குறையும், குழிலென்ஸ் உண்டாகும். மேடு, பள்ளம், எதிர்க்குறி, எல்லாம் பாடப்புத்தகம் மாதிரி வரும். ஆனால் அது எலெக்ட்ரான்கள் ஒளிக்கு உடனே காட்டும் எதிர்வினை இல்லை. வெந்நீர்.

இது எனக்குத் தெரிந்தது 2009இல். வேறொரு மாணவன், கொஞ்சம் வாய்த்துடுக்கு, நான் இல்லாத நேரத்தில் குவெட்டில் (சாயம் ஊற்றும் சின்னக் கண்ணாடிக் குப்பி) கடுங்காப்பியை ஊற்றி ஸ்கேன் எடுத்து, பெயர் எழுதாமல் வரைபடத்தை என் மேசைமேல் வைத்திருந்தான். “நல்லா வந்திருக்கே, எந்தச் சாயம்?” என்று கேட்டேன். “கேன்டீன், சார்” என்றான்.

அன்று சாயங்காலமே கற்றையின் முன்னால் ஒளியை விட்டுவிட்டு மறைக்கும் ஒரு சுழல் மறிப்பானை வைத்து அலைநோக்கியில் (ஆசிலோஸ்கோப்) பார்த்தோம். எலெக்ட்ரான் எதிர்வினை என்றால் ஒளி விழுந்த கணமே வந்திருக்க வேண்டும். இது ஆற அமர, சுமார் 2 மில்லிநொடியில் ஏறியது. கற்றையின் அரை அகலம் 30 மைக்ரான் என்றால் திரவத்தில் சூடு பரவ எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்தப் பையனே தாளின் ஓரத்தில் போட்டுக் காட்டினான். அதே 2 மில்லிநொடி.

நான் திருத்தம் எழுதவில்லை. அதுதான் விஷயம்.

13 மே

“எல்லாரும்தான் அப்படிச் செய்தார்கள்” என்று ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. ஆறுதலாக இல்லை. வெப்ப லென்ஸ் என்பதும் நல்ல இயற்பியல்தான், மிகக் குறைந்த உறிஞ்சலை அளக்க அதையே பயன்படுத்துகிறார்கள். வெப்பம் என்று பெயர் போட்டு வெளியிட்டிருந்தால் ஒரு குறையும் இல்லை. பெயரை மாற்றிப் போட்டதுதான் தப்பு.

19 மே

இதோடு சேர்ந்த கதை படிகம், லேசரின் நிறத்தை மாற்றுவதற்காக வளர்ப்பது. தமிழ்நாட்டில் இயற்பியல் பிஎச்.டி. என்றால் பாதிப் பேருக்குக் கையில் பீக்கர். இரண்டு உப்பைக் கரைத்து மூடியில் துளையிட்டு வைத்து, மொட்டை மாடியில் வடகம் காய்வதைப் பார்ப்பது மாதிரி தினமும் பார்ப்பது. செலவு குறைவு, கரன்ட் வேண்டாம். பொறுமைக்கு நம் ஊரில் பஞ்சமா? நல்ல படிகங்கள் வளர்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நான் தேர்வாளராகப் போன ஓர் ஆய்வேட்டில், இரண்டு சேர்ந்து உருவான ‘புதிய’ படிகம் என்று எழுதியிருந்தது. உண்மையில் போட்ட இரண்டில் ஒன்று மட்டும் தனியாகப் படிந்தது. எக்ஸ்ரே அட்டவணையே சொல்லிற்று. வாய்மொழித் தேர்வில் மெதுவாகக் கேட்டேன். அந்தப் பெண்ணின் அப்பா அம்மா பின்வரிசையில் பூமாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்த அத்தியாயத்தை மட்டும் மாற்றி எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

இப்படி நிறம் மாற்றுவதை முதலில் செய்து காட்டியவர்கள் அமெரிக்காக்காரர்கள். 1961இல் ஃப்ராங்கென் குழுவினர் குவார்ட்ஸில் மாணிக்க லேசரைச் செலுத்தி, 694 நானோமீட்டரைப் பாதியாக்கி 347 எடுத்தார்கள். படத்தட்டில் ஒரு பொடிப் புள்ளி விழுந்தது. அச்சிடும்போது யாரோ தூசி என்று நினைத்து அதை அழித்துவிட்டார்கள், கட்டுரை வந்தபோது அம்புக்குறி மட்டும் வெற்றிடத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. அவர்களுக்கு இருந்த புள்ளி போயிற்று. எனக்கு இல்லாத புள்ளி பத்திரிகையில் பீட்ரூட்டோடு வந்தது.

2 ஜூன்

வேலை பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று கொடிக்கால் கேட்கிறது. சொல்கிறேன்.

ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000, வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரி முதல் இந்த அளவு, அதற்கு முன் 31,000. பணம் மாதாமாதம் வரும் என்று நம்பிக் கடன் வாங்காதே. சேர்ந்து வரும், சில சமயம் வருடம் கழித்து. முடித்தபின் பல்கலைக்கழக வேலை? காலியிடம் நிறைய, நிரப்புவது அபூர்வம். கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் கௌரவம் மட்டும் கொடுப்பார்கள்.

ஆனால் லேசர் தெரிந்தவர்களுக்கு வேறு கதவுகள் உண்டு. என் மாணவர்களில் ஒருவன் இந்தூரில் ராஜா ராமண்ணா மையத்தில் இருக்கிறான். ஒருத்தி ஜெர்மனியில். வாய்த்துடுக்குக் காப்பிப் பையன் தெற்கு ஆவணி மூல வீதிக்காரர்களுக்கு லேசர் முத்திரை இயந்திரம் விற்றுப் பழுது பார்க்கிறான். நகையில் ஆறு எழுத்து ஹால்மார்க் எண் கட்டாயம் ஆனதிலிருந்து அவனுக்கு ஓய்வில்லை. ஃபைபர் லேசர், யாக் லேசரின் அதே 1064 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறான், என்னைவிடச் சரியாகக் கற்றையைக் குவிக்கவும் செய்கிறான். கம்மலின் திருகுக்குப் பக்கத்தில் எழுத்து அடிக்கும்போது தங்கம் நசுங்கக் கூடாதே.

மதுரையை விட்டு வெளியே போக மாட்டேன் என்பதை மட்டும் கொஞ்சம் தளர்த்து. பட்டம் இங்கேயே வாங்கு. ஆனால் துடிப்பு லேசர் வேண்டுமென்றால் ஹைதராபாத்துக்கோ கொச்சிக்கோ சென்னைக்கோ இரண்டு மூன்று வாரம் போய் அளந்துவிட்டு வர வேண்டும். நான் 2006இல் போகவில்லை. விண்ணப்பம் எழுதச் சோம்பல்.

22 ஜூன்

ஜே.ஆர்.எஃப்.புக்கான நெட் தேர்வைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று நேற்று ராத்திரி அறிவிப்பு. கொடிக்கால் அழுகிறது என்று தெரிகிறது. படித்தது எங்கும் போகாதம்மா. தூங்கு.

7 ஜூலை

கண். நாலு வருடத்துக்கு முன் புரை அறுவை செய்திருந்தேன், இப்போது மறுபடி மங்கல். லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு வெளுத்துவிட்டதாம். அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் யாக் லேசர் போட்டார்கள். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்த இடம். அப்போது அந்தப் பக்கம் சைக்கிளில் போயிருக்கிறேன்.

தாடையைத் தாங்கியில் வைத்து, “அசையாம நேரா பாருங்க ஐயா” என்றது அந்தப் பெண். 32 வருடம் கற்றையைக் கண்ணால் பார்க்காதே என்று சொல்லிக்கொடுத்தவனுக்கு வந்த சோதனை. சிவப்புக் குறிப்புள்ளி தெரிந்தது, 1064 தெரியாது. டிக், டிக் என்று ஒரு சத்தம், தலைக்குள்ளேயே கேட்கிற மாதிரி. சில மில்லிஜூல்தான், ஆனால் சில நானோநொடிக்குள், ஊசிமுனையைவிடச் சிறிய இடத்தில். அங்கே பிளாஸ்மா உண்டாகி அதிர்வே சவ்வைக் கிழிக்கிறது. சூட்டுக்கு வேலை இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே பீட்ரூட் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன், “ஐயா, அசையாதீங்க” என்று திட்டு வாங்கினேன்.

வெளியே வந்து பார்த்தால் எதிர்க்கடைப் பெயர்ப்பலகையில் எழுத்துப்பிழைகூடத் தெரிகிறது.

14 ஜூலை

பீட்ரூட் கட்டுரை வந்த இதழுக்குத் திருத்தம் எழுத உட்கார்ந்தேன். கூட்டு ஆசிரியனான என் பழைய மாணவனிடம் கேட்காமல் எழுதக் கூடாதே, போன் செய்தேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தான். “சார், அதையும் கணக்கில் வைத்துத்தான் எனக்கு இணைப் பேராசிரியர் வந்தது” என்றான். அவன் சொல்வதில் தப்பு என்ன இருக்கிறது? லேசரைத் தேர்ந்தெடுத்தது நான், பெயர் வைத்ததும் நான். படிக்கிற பையன் என்ன செய்வான்?

16 ஜூலை

அவனே கூப்பிட்டான். “எழுதுங்க சார், ஆனா நானும் கையெழுத்துப் போடுவேன்” என்றான். எழுதி அனுப்பினோம்.

17 ஜூலை

மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது. அந்த முகவரியே இப்போது இல்லையாம். கட்டுரையில் போட்டிருந்த முகவரி பதினெட்டு வருடம் பழசு. புது முகவரி தேடிக்கொண்டிருக்கிறேன்.

28 ஜூலை

தேர்வு ஒருவழியாக முடிந்தது. கொடிக்கால் நன்றாக எழுதியிருக்கிறதாம், ஒளியியல் பகுதியில் ஒரு கேள்வியைத் தவிர. அது என்ன கேள்வி என்று நான் கேட்கவில்லை, எனக்கும் தெரியாமல் போனால் மானம் போகும்.

காப்பிப் பரிசோதனையை நேரில் பார்க்க வேண்டுமாம். அடுத்த ஞாயிறு ஆடி அமாவாசை, வீட்டில் வேலை இருக்கும். அதற்கடுத்த சனிக்கிழமை வா. காப்பிப் பையன் கடைக்கே போய்விடலாம், அவனிடம் மறிப்பானும் அலைநோக்கியும் இருக்கிறது. குவெட் நான் எடுத்து வருகிறேன். காப்பி நீ கொண்டுவா, நன்றாக வடிகட்டி, சர்க்கரை போடாமல். போட்டால் குவெட் ஒட்டும், அப்புறம் அசிட்டோனுக்கு நான் அலைய வேண்டும். அப்பா கொடிக்காலில் இருந்து ஒரு கவுளி வெற்றிலையும் கொண்டுவரச் சொல்கிறாள் வீட்டுக்காரி. வெற்றிலைக் கவுளிம்மா, ஸ்பார்க் கேப்பில் விழுந்த கவுளி இல்லை.